அசிட் தாங்கிக்கு மேல் வெல்டிங்: பெர்மிட்டில் கையெழுத்து வைக்கலாமா?

வன்னியில் ஒரு தனியார் இரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருக்கும் 31 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளையோ இடத்தையோ காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அங்கே குளோரீனையும் கோஸ்டிக் சோடாவையும் சேர்த்து ஹைப்போ தயாரிக்கிறார்கள். கடைகளில் ப்ளீச் என்று விற்பதும் அதுதான். சல்பூரிக் அசிட்டைக் கொண்டு நீர்ச் சுத்திகரிப்புக்கான படிகாரக் கரைசலும் செய்கிறார்கள். வாசகர் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் படித்தவர். அவருக்குக் கீழே நான்கு பிட்டர்களும் ஒரு எலக்ட்ரீசியனும் வேலை செய்கிறார்கள். "எது பழுதானாலும் அன்றைக்கே ஓட வைத்துவிடுவோம். முதலாளி அதை வருகிற ஆட்களிடம் சொல்லிப் பெருமைப்படுவார்" என்று எழுதுகிறார். அப்படிப்பட்டவருக்கு இப்போது இரவில் நித்திரை இல்லை.

சல்பூரிக் அசிட் தாங்கியின் மேல்தட்டில் உள்ள நடைபாதை துருப்பிடித்துவிட்டது. தாங்கியின் மேலே பைப் வந்து பொருந்தும் ஒரு வாயிலும் அரித்துவிட்டது. இரண்டையும் வெல்ட் பண்ண வெளியாள் வருகிறார். சூட்டு வேலைக்கான பெர்மிட்டில், அதாவது நெருப்போ பொறியோ வரும் வேலைக்கான எழுத்து அனுமதியில், இவர் கையெழுத்து வைக்க வேண்டும். "தாங்கி காலி. தண்ணி விட்டுக் கழுவியாச்சு. வெல்டிங் வெளியிலதானே, ஒரு மணித்தியால வேலை" என்கிறார் மனேஜர். இதுவரை வந்த பெர்மிட்டுகள் எல்லாவற்றிலும் மேசையில் இருந்தபடியே கையெழுத்து வைத்தவருக்கு இந்த முறை ஏனோ மனம் ஒப்பவில்லை. "நீர் வைக்காட்டி வேற ஆளைக் கொண்டு வைப்பிப்பன்" என்று மனேஜர் சொல்லிவிட்டார்.

கூடவே வேறு சில சங்கடங்களும் உண்டு. ஹைப்போ பம்மில் தைப்பொங்கலுக்குப் பிறகு ஏழு தடவை சீல் (சுழலும் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பாகம்) மாற்றியாகிவிட்டது. இவரே கேட்டு வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பம் அது. கொழும்பில் போலிச் சாமானைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அந்தக் காலத்தில் பிட்டராக இருந்த பெரியப்பாவோ, "குளோரீனுக்கு இரும்பே காணும், உனக்கு ஏன் இந்த விளையாட்டு?" என்கிறார். பைப் இணைப்புகளுக்கு இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கஸ்கட் கிடைக்காத நேரங்களில் ரயர் ரியூப்பை வெட்டிப் போடுகிறார்கள். போன மாதம் ஒரு இளம் பிட்டரின் கண்ணில் கோஸ்டிக் தெறித்தது. உடனே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள், பார்வை தப்பியது.

அவர் கேட்பது இவை: கையெழுத்து வைக்கலாமா? ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருக்கு? வைக்காவிட்டால் வேலையை விட்டுத் தூக்க முடியுமா? கட்டாரில் ஒரு வேலை வந்திருக்கிறது, பேசாமல் போய்விடவா?

தம்பி, முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றவற்றுக்கு நாள் இருக்கிறது, இதற்கு இல்லை. கையெழுத்து வைக்க வேண்டாம். இன்றைக்கு இருக்கும் நிலையில் அந்தத் தாங்கிக்கு மேல் வெல்டிங்கும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம். உங்கள் மனம் ஒப்பாததற்குச் சரியான காரணம் இருக்கிறது.

செறிந்த சல்பூரிக் அசிட்டைச் சாதாரண இரும்புத் தாங்கியில் வைக்கலாம். அசிட் இரும்பைத் தொட்டதும் உள்ளே இரும்புச் சல்பேற்றுப் படை ஒன்று படிகிறது. அந்தப் படைதான் தாங்கியைக் காக்கிறது. தண்ணீர் கலந்து அசிட் ஐதானால் கதை மாறிவிடும்: படை கரையும், இரும்பு வேகமாக அரிக்கும், அரிக்கும்போது ஐதரசன் வாயு வெளிவரும். பாடசாலையில் நாகத் துண்டை ஐதான அசிட்டில் போட்டு, தீக்குச்சியைக் காட்டி 'பொப்' சத்தம் கேட்ட அதே வாயுதான். அது எல்லாவற்றிலும் இலேசானது. மேலே ஏறித் தாங்கியின் கூரைக்கு அடியில் தங்கும். காற்றில் 4 வீதம் இருந்தாலே தீப்பற்றும், 75 வீதம் வரை பற்றும் நிலையிலேயே இருக்கும். பற்றவைக்க மிகச் சிறிய பொறி காணும்.

இப்போது மனேஜர் சொன்னதைத் திரும்பப் பாருங்கள். "தண்ணி விட்டுக் கழுவியாச்சு." அவர் அதைப் பாதுகாப்பு என்று நினைத்துச் சொல்கிறார். ஆனால் அடியில் மண்டியோடு கிடந்த அசிட் அந்தத் தண்ணீரால்தான் ஐதாகிறது. அரைகுறையாகக் கழுவிய தாங்கி, நிறைந்த தாங்கியை விட ஆபத்தானது. இது உங்கள் மனேஜரின் தவறு மட்டும் அல்ல. அசிட் தாங்கி வைத்திருக்கும் பல இடங்களில் நல்ல அனுபவசாலிகளே இப்படி நம்புகிறார்கள். மாரி காலத்து ஈரக்காற்று, தாங்கிக்குக் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாய் வழியே உள்ளே போவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. செறிந்த அசிட் ஈரத்தை இழுக்கும்; மேல் விளிம்பில் முதலில் ஐதாகும். உங்கள் தாங்கியின் மேல் வாயில் அரித்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அப்படியென்றால் கூரைத் தகடும் மெலிந்திருக்கலாம். அதன்மேல் ஆளை ஏற்றுவதற்கு முன் தகட்டின் தடிப்பை அளக்க வேண்டும்.

அமெரிக்காவில் டெலவெயார் சிற்றி என்ற இடத்தில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2001 ஜூலை 17 இல் நடந்ததும் இதே போன்ற வேலைதான். சல்பூரிக் அசிட் தாங்கிகளுக்கு மேலிருந்த நடைபாதையைத் திருத்த வெளியாட்கள் வந்திருந்தார்கள். பொறி ஒன்று, துளை விழுந்திருந்த ஒரு தாங்கிக்குள் இருந்த ஆவியைப் பற்றவைத்தது. தாங்கி வெடித்துச் சரிந்தது, ஒருவர் இறந்தார். அங்கே எரிந்தது பழைய அசிட்டில் கலந்திருந்த ஐதரோகாபன் ஆவி. உங்களிடம் இருப்பது ஐதரசன். மற்றபடி வித்தியாசம் குறைவு. அந்தத் தாங்கியை உள்ளே இறங்கிப் பரிசோதிக்க வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்டு, தள்ளிப் போடப்பட்டு வந்தது என்பதையும் கவனியுங்கள்.

அந்த வேலையை வேறு எப்படிச் செய்யலாம்

"முடியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் நீங்கள் தடைக்காரர் ஆகிவிடுவீர்கள். மாற்று வழியோடு போங்கள். நடைபாதையை போல்ட் கழற்றிக் கீழே இறக்கி, பட்டறையில் வெல்ட் பண்ணித் திரும்ப ஏற்றலாம். துரு பிடித்து போல்ட் வராவிட்டால் கைவாளால் அறுக்கலாம்; நேரம் பிடிக்கும், பொறி பறக்காது. கூரைத் தகட்டில் பாரம் விழாமல் வெளியே சாரம் கட்டி நிற்க வேண்டும். அரித்த வாயிலுக்கு, தாங்கியை உண்மையிலேயே வேலையிலிருந்து எடுக்கும் வரை, தற்காலிகமாக போல்ட் பூட்டும் கிளாம்ப் போதும்.

ஒருநாள் வெல்டிங்கே செய்தாக வேண்டும் என்றால் அதற்கு ஒழுங்கு உண்டு. அசிட்டை முழுதாக இறைத்து, மண்டியை எடுத்து, நிறையத் தண்ணீரால் கழுவி, கழுவிய நீர் நடுநிலைக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். தாங்கிக்கு வரும் ஒவ்வொரு பைப்பையும் கழற்றி, அதன் வாயில் துளையில்லாத பிளைண்ட் தகடு பூட்ட வேண்டும். வால்வை மூடுவது காணாது. வால்வு கசியும், யாராவது திறந்தும் விடுவார்கள். பிறகு காற்றை ஊதி வெளியேற்றி, கூரைக்கு அடியிலும் நடுவிலும் அடியிலும் வாயு அளக்கும் கருவியால் பார்க்க வேண்டும். எரிவாயு பூச்சியம் காட்ட வேண்டும். வேலை நடக்கும்போதும் இடையிடையே அளக்க வேண்டும், சாப்பிட்டு வந்த பிறகு கட்டாயம் அளக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: வழக்கமான எரிவாயு மீற்றர் வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும். நைதரசன் நிரப்பிய தாங்கிக்குள் அதை விட்டால் பொய்யாகப் பூச்சியம் காட்டும். கருவி உங்களிடம் இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். கருவி வராத நாளில் அந்த வேலையும் இல்லை.

பெர்மிட் புத்தகமும் உங்கள் கையெழுத்தும்

பெர்மிட் முறை உங்கள் தொழிற்சாலைக்கு எப்படி வந்தது என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: ஒரு பெரிய வாடிக்கையாளர் பார்வையிட வந்தபோது கேட்டார்கள், அதற்காக அச்சடித்தோம். வந்த வழி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, புத்தகம் இருக்கிறதே. இனி அதை மேசையில் வைத்து நிரப்பாதீர்கள். வேலை நடக்கும் இடத்தில், வேலை செய்யும் ஆளும் பக்கத்தில் நிற்க, நின்றுகொண்டே நிரப்புங்கள். "பைப் பிரிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் சரி போடுவதற்கு முன் பிரித்த இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். மோட்டருக்குக் கரண்ட் நிறுத்தினால் பூட்டுப் போட்டு, உள்ளே வேலை செய்கிறவரின் சட்டைப்பைக்கே சாவி போகட்டும். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒருதடவை அழுத்திப் பாருங்கள். பிழையான பிரேக்கரைப் பூட்டியிருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் பாருங்கள். வடகடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை 1988 ஜூலை 6 இல் எரிந்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்மின் பாதுகாப்பு வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்மை ஓட விட்டார்கள். பெர்மிட் அங்கேயும் எழுதப்பட்டிருந்தது. ஆளுக்கு ஆள் முகம் பார்த்துச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். "கையெழுத்து வைத்தால் என் தலையில் விழும், வைக்காவிட்டால் தப்பிவிடுவேன்" என்பது உங்கள் கணக்கு என்று நினைக்கிறேன். அது பாதிதான் சரி. 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி தொழிற்சாலையைப் பாதுகாப்பாக நடத்தும் கடமை முதலில் அதை நடத்துகிறவருக்குரியது. நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டால் முதலாளி அதிலிருந்து விடுபடுவதில்லை. ஆனால் கவனக்குறைவால் ஒருவர் இறந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு தனிமனிதர் மேலும் பாயும். ஆபத்தைத் தெரிந்துகொண்டு "பார்த்தேன், சரி" என்று எழுதியவரை அது தேடி வரலாம். ஆபத்து தெரிந்தும் வாய் திறக்காமல் ஒதுங்கி நின்றவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: ஏன் கையெழுத்து வைக்கவில்லை, என்ன மாற்று வழி என்பதை ஒரு பக்கத்தில் திகதியோடு எழுதி மனேஜருக்கும் முதலாளிக்கும் கொடுங்கள். பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். கோபமான சொல் ஒன்றுகூட அதில் வேண்டாம்.

வேறு ஆளைக் கொண்டு வைப்பித்தால்? வெல்டரிடம் நேரே போய்ச் சொல்லுங்கள், தாங்கிக்குள் ஐதரசன் இருக்கிறது என்று. மேலே ஏறப்போவது அவர்தானே. அப்படியும் வேலை தொடங்குமானால் தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது முதலாளியோடு பேசிப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய படி.

பாதுகாப்பில்லாத வேலைக்குக் கையெழுத்து வைக்க மறுத்ததற்காக வேலையை விட்டு நிறுத்தினால், தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆறு மாதக் கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. உங்கள் நியமனக் கடிதம், சம்பளத் துண்டுகள், அந்த ஒரு பக்கக் கடிதம் எல்லாவற்றையும் கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். இது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. உங்களைப் போல ஒருவரை வன்னியில் திரும்பத் தேடிப்பிடிப்பது எளிதல்ல என்று முதலாளிக்குத் தெரியும்.

பெரியப்பா சொன்னதும் சரி, உங்கள் பம்மும் போலி இல்லை

ஈரமில்லாத குளோரீனுக்குச் சாதாரண இரும்பு நன்றாகவே தாங்கும், பெரியப்பா சொல்வது முழு உண்மை. குளோரீன் உருளைகளே இரும்பில்தான் செய்யப்படுகின்றன. அவர்கள் காலத்தில் ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக்கும் குளோரீனும் எடுத்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் போர் அந்தத் தொழிற்சாலையை நிறுத்தும் வரை வன்னியில் குளோரீனை வாசத்தில் அறிந்த ஒரு தலைமுறை இருந்தது. அந்த ஆட்களில் இன்னும் இருப்பவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். கசிவைப் பிடிக்க அமோனியா நனைத்த துணியைக் காட்டினால் வெண்புகை எழும், கசியும் குளோரீன் உருளையில் தண்ணீர் அடித்தால் அரிப்புக் கூடிக் கசிவு பெருக்கும் என்பவை எல்லாம் அவர்கள் கைப்பாடமாக அறிந்தவை.

ஆனால் ஹைப்போ வேறு பொருள். அது நீரில் இருக்கிறது, ஒட்சியேற்றும் தன்மையும் உப்பும் சேர்ந்திருக்கின்றன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காக்கும் மெல்லிய படையை அந்தச் சேர்க்கை புள்ளி புள்ளியாக உடைத்துத் துளை போடும். அரிப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் என்றாலும் அதே கதைதான். ஆகவே உங்களுக்கு விற்றவர் ஏமாற்றவில்லை. இந்த வேலைக்கு அந்த உலோகமே பொருந்தாது. இன்னொரு கெடுதியும் உண்டு. நிக்கலும் இரும்பும் செம்பும் சிறிதளவு கரைந்தாலே ஹைப்போ வேகமாக உடைந்து ஒட்சிசன் விடும். உங்கள் சரக்கின் பலம் ஸ்டோரிலேயே இறங்குகிறது என்று விற்பனைப் பிரிவு முறைப்பாடு செய்வதாக எழுதியிருந்தீர்கள். வன்னி வெயிலும் அதற்கு ஒரு காரணம். வெப்பம் 10 பாகை கூடினால் உடையும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். ஆனால் பம்மையும் சந்தேகப்படுங்கள்.

வாங்க வேண்டியது உள்ளே உலோகம் படாத, சீலே இல்லாத, காந்தத்தால் சுழலும் பிளாஸ்டிக் பம். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையங்கள் இரசாயனம் தாங்கும் வைட்டன் ரப்பரில் இருக்கட்டும். அந்தப் பம் வறண்டு ஓடினால் சில நிமிடத்தில் கெட்டுவிடும். தாங்கியின் மட்டம் குறைந்தால் தானாக நிற்கும்படி எலக்ட்ரீசியனைக் கொண்டு சுவிட்ச் பூட்டுங்கள். ஹைப்போ பைப்பில் உள்ள பந்து வால்வுகளையும் பாருங்கள். மூடிய வால்வின் பந்துக்குள் அகப்பட்ட ஹைப்போ உடைந்து வாயுவாகி, வால்வையே வெடிக்கச் செய்யும். பந்தில் ஒரு பக்கம் சிறு துளை உள்ள வால்வுதான் வேண்டும். இணையத்தில் தேடினால் டைட்டானியம் நல்லது என்று வரும். ஹைப்போவுக்கு நல்லதுதான். ஆனால் உலர்ந்த குளோரீன் பக்கம் டைட்டானியத்தைக் கொண்டு போனால் அது தீப்பற்றி எரியும். ஸ்டோரில் ஹைப்போ பக்கத்துப் பாகங்களையும் குளோரீன் பக்கத்துப் பாகங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ரியூப் கஸ்கட்டும் "இண்டைக்கே ஓடும்" பெருமையும்

இதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய, சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட மண் இது. இருப்பதை வைத்து இயந்திரத்தை எழுப்பும் கைகள் உங்கள் பிட்டர்களுடையவை. 2022 இல் டொலர் இல்லாமல் உதிரிப்பாகம் வராத நாட்களிலும் அந்தக் கைகள்தான் தொழிற்சாலையைக் காப்பாற்றியிருக்கும். அந்தத் திறமையை நான் உண்மையாகவே மதிக்கிறேன். தண்ணீர் பம்முக்கு ரியூப் கஸ்கட் போட்டு அது கசிந்தால் நிலம்தான் நனையும். செறிந்த அசிட்டிலும் ஹைப்போவிலும் அந்த ரப்பர் கருகி, இறுகி, ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் விட்டுவிடும். பக்கத்தில் நிற்பவரின் முகத்தில்தான் அது போய் அடிக்கும்.

இங்கிலாந்தில் பிளிக்ஸ்பரோ என்ற இடத்தில், நைலோனுக்கான மூலப்பொருள் செய்த ஆலையில், ஆறு உலைகள் வரிசையாக இருந்தன. ஐந்தாவதில் வெடிப்புக் கண்டார்கள். உற்பத்தி நிற்கக் கூடாதே என்று அதைக் கழற்றிவிட்டு, நாலையும் ஆறையும் ஒரு பைப்பால் இணைத்தார்கள். அந்தப் பைப்பின் வரைபடம் பட்டறை நிலத்தில் சோக்கால் கீறப்பட்டது. தொழிற்சாலையின் தலைமை இயந்திரப் பொறியியலாளர் விலகிப் போய், அந்தக் கதிரை வெறுமையாக இருந்த நேரம் அது. கேட்க ஆள் இல்லை. இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது. 1974 ஜூன் 1 இல் அந்த இணைப்பு விட்டுப்போய், ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். அந்தப் பைப்பைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஒழுங்காகக் கணக்குப் பார்க்கும்வரை நிறுத்தி வை என்று சொல்ல ஒருவர் இல்லை. தம்பி, உங்கள் தொழிற்சாலையில் அந்தக் கதிரையில் இருப்பது நீங்கள்.

எனவே ரியூப் கஸ்கட் எங்கெங்கே இருக்கிறது என்று இந்த வாரமே பட்டியல் போடுங்கள். அசிட், ஹைப்போ, கோஸ்டிக் பைப்புகளில் இருப்பவற்றை முதலில் மாற்றுங்கள். சரியான கஸ்கட் தகடும், தேவைப்படும் வால்வுகளும், பம் உதிரிகளும் கொழும்பிலிருந்து வர எத்தனை நாள் எடுக்கும் என்று எழுதி, அதற்கேற்ற அளவு ஸ்டோரில் எப்போதும் வைத்திருக்க முதலாளியைச் சம்மதிக்க வையுங்கள். தற்காலிகமாக எதையாவது போட்டே ஆக வேண்டுமென்றால் அதில் திகதியும், எடுக்க வேண்டிய நாளும், உங்கள் பெயரும் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள்.

முதலாளி "ஓடுறதை ஏன் நிப்பாட்டுவான்?" என்று கேட்பதாக எழுதினீர்கள். அவரிடம் ஆபத்தை மட்டும் பேசினால் பயமுறுத்துவதாக நினைப்பார். அவர் கணக்கையே பேசுங்கள். ஏழு சீல், ஒவ்வொரு தடவையும் அரை நாள், கொட்டிய சரக்கு, அவசரமாக லொறியில் வந்த சாமானின் கூலி: உங்கள் லொக் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் கூட்டிக் காட்டுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருதடவை நீங்களே தெரிவு செய்த வாரத்தில் நிறுத்தக் கேளுங்கள். ஓகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் நல்லது: மழை இல்லை, பூச்சு காயும், சாரம் கட்டலாம். மாரி தொடங்கி வெள்ளம் வந்தால் கிணறுகளுக்கு மருந்து போடக் குளோரீனும் ப்ளீச்சும் கேட்டு ஆட்கள் வருவார்கள். அந்த நேரத்தில் உங்கள் பிளாண்ட் நிற்காது என்பதை அவர் காது கேட்கச் சொல்லுங்கள். அசிட் தாங்கியைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரின் வெடிப்புகளையும் மழைநீர் போகும் வாய்க்காலையும் பார்க்கவும் அதுதான் காலம். புலம்பெயர்ந்து உழைத்த காசை ஊரில் போட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கெட்டவர் இல்லை, யாரும் அவருக்குக் கணக்குக் காட்டவில்லை.

அந்தப் பிட்டரின் கண்

பார்வை தப்பியது பெரிய காரியம். ஆனால் அடுத்த முறை ஆட்டோவைத் தேடாதீர்கள். கோஸ்டிக் கண்ணுக்குள் போனால் போய்க்கொண்டே இருக்கும். வழியில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் கண்ணைத் தின்னும். அந்த இடத்திலேயே, இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரி. அசிட்டுக்குக் கோஸ்டிக், கோஸ்டிக்குக்கு வினாகிரி என்று மாற்று மருந்து போட யாரையும் விடாதீர்கள்.

உங்கள் அவசரக் குளியல் பைப்பை நாளை மத்தியானம் இரண்டு மணிக்குத் திறந்து பாருங்கள். வெயிலில் கிடக்கும் தாங்கியிலும் பைப்பிலும் இருந்து வரும் தண்ணீர் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தால், கண் எரிகிறவர் அதில் 20 நிமிடம் நிற்க மாட்டார். கூரை போட்டு நிழல் கொடுங்கள், பைப்பைப் புதையுங்கள். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். கண் கழுவும் துளைகள் அடைத்துவிடும். வாரம் ஒருநாள் திறந்து ஓட விடுவதை ஒரு பிட்டரின் பெயரில் எழுதி வையுங்கள்.

கட்டாருக்குப் போவதா

போவதில் பிழை ஒன்றும் இல்லை. அங்கே மெசயீட், ராஸ் லபான் போன்ற இடங்களின் ஆலைகளில் பெரிய நிறுத்த வேலைகளையும் கடுமையான பெர்மிட் ஒழுங்கையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அது நல்ல படிப்பு. சம்பளமும் கூட. ஆனால் இந்த மனநிலையில், இந்தத் தாங்கிக்குப் பயந்து ஓடுவதாகப் போக வேண்டாம் என்பது என் எண்ணம். முதலில் முதலாளியிடம் நேரே போய்ப் பேசுங்கள், மனேஜரைத் தாண்டிப் போவதாக நினைக்காமல், அவரையும் கூட்டிக்கொண்டு. தாங்கி வேலை, பம், கஸ்கட், வருடாந்த நிறுத்தம் என்ற நான்கையும் கேளுங்கள். மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். நான்கில் இரண்டாவது குறைந்தது நடந்தால் இருக்கலாம். தாங்கி விஷயத்திலேயே அவர் அசையாவிட்டால் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை, விலகுங்கள்.

எப்படிப் போனாலும் அடுத்து வருகிறவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த வால்வு மூடினாலும் கசியும், எந்த இணைப்பில் இன்னும் ரியூப் இருக்கிறது, அசிட் தாங்கியின் கூரை எந்தப் பக்கம் மெலிந்தது, குளோரீன் உருளையை மாற்றும்போது பழைய ஈயக் கஸ்கட்டைத் திரும்பப் போடக்கூடாது என்று யார் யாருக்குத் தெரியும். நான்கு பிட்டர்களையும் உட்கார வைத்து அதை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதையும் அதில் சேருங்கள். பட்டியல் நீளமாக வரும்; பரவாயில்லை, தமிழிலேயே எழுதுங்கள்.